பதினொரு பொன்னாடையும் ஒரு பொய்யும்

ஒன்பதாவது பொன்னாடை விழுந்தபோது முன்வரிசையில் இருந்தவர்களின் முகம் எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

மிகைப்படுத்தவில்லை. நான் குள்ளம். கழுத்தைச் சுற்றிக் கஞ்சி மொடமொடப்பு மாறாத ஒன்பது சால்வைகள். அவற்றுக்கு மேலே ஈரச் செவ்வந்தி மாலை. மாலையில் இருந்த எறும்பு ஒன்று ரவிக்கைக்குள் இறங்கிவிட்டது. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, மேடையில் உட்கார்ந்து எறும்பைத் தேடவா முடியும்?

"டீச்சர், கொஞ்சம் சிரிங்க. போட்டோ எடுக்கிறாங்க" என்று காதுக்குள் சொன்னான் யோகநாதன்.

"சிரிச்சிட்டுத்தான்டா இருக்கேன். இந்தச் சால்வைய எடு, தெரியும்."

"இன்னும் ரெண்டுதான் டீச்சர். கோயில் கமிட்டி ஒண்ணு, சால்வை வாங்கின கடைக்கார நானா ஒண்ணு. போட விடலேன்னா கோவிச்சுக்குவாங்க."

"எனக்குக் கோவம் வந்தா பரவாயில்லையா?"

அவன் சிரித்தான். நான் எதைச் சொன்னாலும் சிரிப்பது என்று அந்த விழாக் குழு தீர்மானம் போட்டிருந்தது போலிருக்கிறது. இரண்டு மாதமாக எனக்கு அதே தொல்லை.

யோகநாதன் என் பழைய மாணவன், விழாக் குழுவின் தலைவர். பதுளை பஸாரில் கைபேசிக் கடை வைத்திருக்கிறான். வயது ஐம்பதைத் தொட்டாயிற்று. எட்டாம் வாய்ப்பாட்டில் எட்டேழு வரும்போது இன்றைக்கும் அவன் கண் மேலே போகும். மற்றபடி நல்ல பிள்ளை. நல்ல பிள்ளைகள்தான் என் பொறுமையை அதிகம் சோதிக்கிறார்கள்.

இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் போன் பண்ணினார். "இந்த வாரம் உங்கள் பாராட்டு விழாவைப் பற்றியே எழுதுங்களேன், படங்களோடு போட்டுவிடுவோம்" என்றார். எழுதுகிறேன். படங்களை அவர் போட்டுக்கொள்ளட்டும். படத்தில் வராதது ஒன்று இருக்கிறது, அதை நான் எழுதியாக வேண்டும்.

சம்மதித்த காரணம்

ஓய்வு பெற்றுப் பல வருடமாகிறது. இதற்கு முன் இரண்டு தடவை எனக்கு விழா எடுக்க வந்தார்கள். இரண்டு தடவையும் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். மூன்றாம் தடவை யோகநாதன் நாலு பேரோடு பதுளை வீட்டுக்கு வந்து நின்றபோது, சரி என்றேன். அவர்களால் நம்ப முடியவில்லை.

"ரெண்டு நிபந்தனை" என்றேன். "தோட்டத்து மேற்கணக்குப் பிரிவு சந்திரா விழாவுக்கு வரணும். முன்வரிசையில இருக்கணும். ரெண்டாவது, எனக்குப் பேசப் பத்து நிமிசம் தரணும். நடுவுல யாரும் சீட்டு நீட்டக் கூடாது."

"எந்தச் சந்திரா டீச்சர்?"

"வெள்ளையம்மா மக."

யோகநாதன் கொஞ்சம் யோசித்தான். பிறகு அவன் முகம் மலர்ந்தது. "வெளங்கிருச்சு டீச்சர். சாதாரணக் கொழுந்தெடுக்கிற ஒரு பழைய மாணவிக்கு மரியாத செய்யணும்னு நெனைக்கிறீங்க. ஒங்க மனசு யாருக்கு வரும்!"

அது இல்லை. அந்தப் பெண்ணுக்கு நான் ஒரு தீங்கு செய்திருக்கிறேன். அதை ஊர் முன்னால் சொல்லி அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நாற்பது வருடமாகக் கேட்க வேண்டியது. தனியாகப் போய்க் கேட்க இரண்டு தடவை புறப்பட்டேன். இரண்டு தடவையும் வேறு வேலை வந்துவிட்டது. அதாவது, வேறு வேலையை வரவழைத்துக்கொண்டேன். எல்லோரும் கூடியிருக்கும் மேடையென்றால் நழுவ முடியாது என்று நினைத்துத்தான் சம்மதித்தேன்.

மேடையிலும் நழுவலாம், நீ விரும்பாவிட்டாலும் உன்னை நழுவ வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

படுக்கைக்கு அடியில் பெட்டி

இந்தத் தொடரை இடையில் படிக்க வருகிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் படிப்பித்த பள்ளிக்கூடம் ஸ்பிரிங்வெளியைத் தாண்டி, நமுனுகுல மலையைப் பார்த்தபடி இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்தில். தோட்டத்தின் பெயர் வேண்டாம். அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

நான் போன காலத்தில் அது ஒற்றை அறை. ஐந்தாம் வகுப்போடு சரி. எனக்கு முன்னால் வந்த ஆசிரியர்களின் கதையைத் தோட்டத்தில் கதை கதையாகச் சொல்வார்கள். ஒருவர் மூன்று வாரம் இருந்தார். ஒருவர் மழைக் காலத்தில் வந்து, முதல் நாளே கால் விரலிடுக்கில் ஏழு அட்டையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அடுத்த நாள் சுகவீன லீவில் போனவர் போனவர்தான். இன்னொருவர் சம்பளம் எடுக்கப் பதுளைக்குப் போய், அங்கிருந்தே மாற்றலும் எடுத்துக்கொண்டார்.

அதனால் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் இருந்த பெண்களுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. ஆசிரியர் விடுதிக்கு விறகு கொண்டு வருவார்கள், கீரை கொண்டு வருவார்கள். கொண்டு வந்ததை வைக்கிற சாக்கில் உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். என் கட்டிலுக்கு அடியில் என் தகரப் பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

"டீச்சர், பெட்டி கட்டலியே?"

"இல்ல. ஏன் கட்டணும்?"

"சும்மா கேட்டேங்க."

வாரத்துக்கு இரண்டு பேராவது கேட்டிருப்பார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒரு தடவை, பெட்டியைக் கொல்லையில் வைத்துப் பூட்டி, சாவியை உங்களிடமே தந்துவிடட்டுமா என்று சத்தம் போட்டேன். அவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் வேறு இருவர் வந்து பார்த்தார்கள்.

சிவப்புப் பேனா

விழா மலர் ஒன்று போட்டார்கள். அச்சுக்குப் போவதற்கு முன் எனக்குப் பார்க்கத் தந்தார்கள். பார்க்கத் தந்தது அவர்கள் செய்த ஒரே புத்திசாலித்தனம். பிழை திருத்தச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். முதல் பக்கத்தில் நான் தீபம். இரண்டாம் பக்கத்தில் நான் ஏணி. நாலாம் பக்கத்தில் தீபம் மறுபடியும். இவற்றையெல்லாம் விட்டுவிட்டேன். கவிதை எழுதுகிறவர்களைத் திருத்த என் காலம் போதாது.

நடுப் பக்கத்தில், பெட்டி கட்டி, ஒரு வரி இருந்தது. ‘ஒரு பிள்ளையைக்கூடப் பாதியில் படிப்பை விட அனுமதிக்காதவர்.’

அதை அடித்தேன். அடித்துவிட்டு, ஓரத்தில் ‘பொய். எடுத்துவிடவும்’ என்று எழுதினேன். கீழே இரண்டு கோடும் போட்டேன்.

விழாவுக்கு முதல் நாள் மலர் அச்சாகி வந்தது. அந்த வரி இருந்தது. முன்பைவிட இரண்டு மடங்கு பெரிய எழுத்தில், என் படத்துக்குக் கீழே, பொன்னிற மையில் இருந்தது.

யோகநாதனுக்கு போன் பண்ணினேன். "நான் அடிச்ச வரிய ஏன்டா போட்டே?"

"நீங்க அடக்கத்துல அடிச்சிருப்பீங்கன்னு எங்களுக்குத் தெரியும் டீச்சர். அதனாலதான் பெருசாப் போட்டோம்."

"பொய்னு எழுதியிருந்தேனே?"

"ஆமா டீச்சர். அதப் பாத்து கமிட்டியில எல்லாருக்கும் கண் கலங்கிருச்சு."

போனை வைத்துவிட்டேன். வேறு என்ன செய்ய? கொலையா செய்ய முடியும்?

எங்கள் ஆட்களிடம் இந்த வியாதி இருக்கிறது. ஒருவரைப் பெரியவராக்கிவிட்டால், பிறகு அவர் சொல்வது எதுவும் காதில் ஏறாது. நான் குளிர்கிறது என்றால் எளிமை. பசிக்கிறது என்றால் நகைச்சுவை. நான் தவறு செய்தேன் என்றால் தன்னடக்கம். ஒரு மனிதரின் வாயை அடைக்க அடித்து உதைக்க வேண்டியதில்லை, ஒரு மாலை போதும்.

தெமோதரையில் சொல்லாமல் விட்டது

போன வாரம் தெமோதரை ஸ்டேஷனைப் பற்றி எழுதியிருந்தேன். பதுளையிலிருந்து வரும் ரயில் முதலில் ஸ்டேஷனுக்கு அடியில் இருக்கும் சுரங்கத்தில் போவதும், காலுக்குக் கீழே அதன் சத்தம் கேட்பதும், பிறகு மலையைச் சுற்றிக்கொண்டு அதே ரயில் நம் முன்னால் வந்து நிற்பதும் பற்றி விவரமாக எழுதினேன். நன்றாக இருந்ததென்று பலர் சொன்னார்கள்.

அதில் ‘ஒரு வேலையாகக் கொழும்புக்குப் போனேன்’ என்று ஒரு வரி வரும். என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

அந்த வேலை சந்திரா. அன்று அந்த ஸ்டேஷன் மேடையில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலடியில் ரயில் போகும் சத்தம் கேட்டதும் துள்ளிக் குதித்து, "டீச்சர், அது நம்மள விட்டுட்டுப் போகுது!" என்று கத்தினாள். வயது பத்தோ பதினொன்றோ. எண்ணெய் வைத்து வாரிய இரட்டைப் பின்னல். சிவப்பு ரிப்பன். கோதுமை மா மூட்டைத் துணியில் அவளுடைய அம்மா தைத்துக் கொடுத்த பை.

கணக்கில் அப்படியொரு பிள்ளையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஐந்தாம் வகுப்பு முடிந்தது. அதற்கு மேல் படிக்கப் பதுளைக்குத்தான் போக வேண்டும். பஸ் இல்லை. அப்பா இல்லை. அம்மா வெள்ளையம்மா விடிந்தால் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போய்விடுவாள். தம்பி கைக்குழந்தை.

பயிற்சிக் கலாசாலையில் என்னோடு படித்த ஒரு சிநேகிதியின் அக்கா கொழும்பில் இருந்தார். நல்ல குடும்பம். வீட்டில் கூடமாட உதவி செய்ய ஒரு பெண் பிள்ளை வேண்டும், அங்கேயே பள்ளிக்கூடத்துக்கும் அனுப்புவோம் என்று எழுதியிருந்தார். எனக்கு அது கடவுளே திறந்துவிட்ட கதவாகத் தெரிந்தது. அந்தக் காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு எங்களைப் போன்ற படித்தவர்கள் செய்த காரியம் இது. நான் மட்டும் இல்லை. ஆனால் மற்றவர்களுக்கு நான் பதில் சொல்ல முடியாது.

வெள்ளையம்மாவிடம் போய்ச் சொன்னேன். முடியாது என்றாள். மறு வாரமும் போனேன். முடியாதுங்க என்றாள். மூன்றாம் தடவை அழுதுகொண்டே முடியாது என்றாள். நாலாம் தடவை எனக்குக் கோபம் வந்தது.

"நீதான் கூடையத் தூக்குனே. ஒம் மகளும் தூக்கணுமா? அப்பிடி என்ன ஒனக்குப் பிடிவாதம்?" என்று, மற்றவர்கள் மலையிலிருந்து திரும்பாத நேரத்தில், லயத்து வாசலில் நின்று கத்தினேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்" என்றாள்.

எனக்கு அந்த வசனம் அன்றைக்கு இனித்தது. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

சந்திராவை அந்த வீட்டார் ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. அடுத்த தவணை, அடுத்த தவணை என்று கடிதம் வந்தது. நான் ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கலாம். லீவு இருந்தது. அந்த லீவில் நான் என் கல்யாணச் சேலை எடுத்துக்கொண்டிருந்தேன். நாலாம் வருடம் வெள்ளையம்மா தானே ரயிலேறிப் போய், விலாசச் சீட்டை ஆள் ஆளாகக் காட்டி வீட்டைக் கண்டுபிடித்து, மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பேன் பிடிக்குமென்று அந்த வீட்டில் சந்திராவின் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு வா, மேல் வகுப்புப் பாடத்தை நானே சொல்லித் தருகிறேன் என்று கூப்பிட்டேன். வயசாகிருச்சு டீச்சர் என்றாள். கொஞ்ச நாளில் கொழுந்துக் கூடையைத் தூக்கினாள்.

அதற்குப் பிறகு லயத்தில் பேச்சு வந்தது. லயத்துக்கு மேலே ஒரு பீலி உண்டு. மலைத் தண்ணீர் குழாய் வழியாக வந்து விழும், எல்லோரும் அங்கேதான் குடம் பிடிப்போம். ஒரு நாள் நான் குடத்தோடு போகும்போது, "பெத்த புள்ளைய வித்தவ" என்று யாரோ சொல்வது காதில் விழுந்தது. யாரைச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. "டீச்சருக்கு மொதல்ல விடுங்க" என்று வழிவிட்டு, என் குடத்தை நிரப்பித் தந்தார்கள். நான் நிறைகுடத்தைத் தூக்கிக்கொண்டு பேசாமல் வீட்டுக்கு வந்தேன்.

பேச்சு தானாக அடங்கிவிடும் என்று நினைத்தேன். அடங்கியதா என்று திரும்பிப் பார்க்கவில்லை. இதைத்தான் விழா மேடையில் சொல்ல நினைத்தேன்.

மேளமும் முழங்காலும்

பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் விழா. காரில் வந்து பள்ளிக்கூட வாசலில் இறங்கிக்கொள்கிறேன் என்று பத்து தடவை சொல்லியிருந்தேன். தோட்டத்து முகப்பிலேயே வண்டியை நிறுத்திவிட்டார்கள். மேளம் தயார். குடை தயார். மேட்டுப் பாதை. என் இரண்டு முழங்காலையும் பதுளை ஆஸ்பத்திரி டாக்டருக்கு என் முகத்தைவிட நன்றாகத் தெரியும்.

"டீச்சர் இந்தப் பாதையில எத்தன வருசம் நடந்தீங்க! இன்னைக்கி ஒங்களோட நாங்க நடக்கணும்னு ஆச" என்றான் யோகநாதன்.

நடந்தேன். தூறல் வேறு. வழி நெடுக ஆரத்தி. ஒவ்வொரு லயத்து முன்னாலும் நின்று, திலகம் வாங்கி, மூச்சு வாங்கி, மறுபடி நடந்தேன். பள்ளிக்கூட மண்டபத்துக்குள் நுழைந்ததும் முன்வரிசையைப் பார்த்தேன். சந்திராவைக் காணவில்லை.

"எங்கே அவ?"

"சர்ப்ரைஸ் டீச்சர்!"

முன்வரிசையில் உட்கார வைக்கச் சொன்ன பெண்ணைப் பட்டுச் சேலை கட்டிவிட்டு, மேடைக்குப் பக்கத்தில், கையில் மாலையோடு நிறுத்தி வைத்திருந்தார்கள். எனக்கு முதல் மாலை போட. நான் யாரிடம் மன்னிப்புக் கேட்க வந்தேனோ, அவளை எனக்கு மாலை போட வைத்தார்கள். அவள் போட்டுவிட்டு, குனிந்து காலையும் தொட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் அவளைத் தூக்கிவிடக் குனிந்தேன். முழங்கால் விடவில்லை.

பிரதம விருந்தினர் ஒன்றரை மணி நேரம் பிந்தி வந்தார். வந்து, தான் போடப்போகும் பாதையைப் பற்றிப் பேசினார். முப்பது வருடமாக யாராவது ஒருவர் போடப்போகிற அதே பாதைதான். ஜிகினாச் சட்டை போட்ட சின்னப் பிள்ளைகள் குளிரில் நடுங்கிக்கொண்டு ஆடினார்கள். பிறகு பொன்னாடைகள். அதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

தகரக் கூரை

கடைசியாக என் ஏற்புரை. எழுந்து, பதினொரு சால்வையையும் கழற்றி நாற்காலியில் வைத்தேன். "எளிமை, எளிமை" என்று யாரோ சொன்னார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

மைக்கைப் பிடித்து, "இங்கே சந்திரா நிற்கிறாள்" என்று தொடங்கினேன். அவ்வளவுதான். நமுனுகுலப் பக்கமிருந்து காலையிலிருந்தே கறுத்துக்கொண்டிருந்த மழை, வேறு நேரமே கிடைக்காதது மாதிரி, தகரக் கூரையில் கொட்டத் தொடங்கியது. அடுத்த நிமிடம் மின்சாரம் போயிற்று.

தகரக் கூரையில் மலைநாட்டு மழை விழும் சத்தம் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தச் சத்தத்துக்குள் வகுப்பெடுத்தவள்தான் நான். ஆகவே நிறுத்தவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். சந்திராவின் அம்மா அவளை அனுப்பவில்லை, நான்தான் அனுப்பினேன், அவள் படிப்புக் கெட்டது என்னால், இந்த மலரில் நடுப் பக்கத்தில் இருப்பது பொய், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. பாதி வருத்தம், பாதி அந்த மழை மேல் கோபம்.

நான் அழுவதைப் பார்த்துச் சனமும் அழுதது. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரு சொல்லும் கேட்காமல் அத்தனை பேரும் அழுதார்கள். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும், பேச்சு முடிந்துவிட்டதென்று நினைத்து எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மேளக்காரர்கள் தொடங்கிவிட்டார்கள்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?"

விருந்தினருக்குச் சாப்பாடு வைத்திருந்த பின் வகுப்பறையில், அடுக்கி வைத்த நாற்காலிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தேன். சந்திரா பிளேன்டீ கொண்டு வந்தாள். பட்டுச் சேலையை மாற்றிவிட்டிருந்தாள். பக்கத்தில் நின்றாள்.

"எனக்குக் கேட்டுச்சு டீச்சர்."

"கேட்டுச்சா?"

"மேடையோரமாத்தான நின்னேன். ஒங்க சத்தம் எனக்குக் கேக்காமப் போகுமா?"

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். அவள் என்ன சொல்வாளோ என்று காத்திருந்தேன். அழுவாள் என்றோ, பழசையெல்லாம் விடுங்க டீச்சர் என்பாள் என்றோ எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவள் குரலில் இருந்தது எரிச்சல்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எனக்குத் தெரியாதா? நான்தான ரயில்ல ஒங்க பக்கத்துல ஒக்காந்து போனேன். தெரியாதவங்களுக்கில்ல சொல்லணும்."

"அதுக்குத்தானம்மா கத்தினேன். மழ…"

"மழ விடட்டும்னு நின்னிருக்கலாம்ல? நீங்க எப்பவும் இப்பிடித்தான் டீச்சர். அவசரம். எங்கம்மா மூணு தடவ முடியாதுன்னுச்சு. அது ஒங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். லயத்துல யாருக்குத் தெரியும்? சாகுற வரைக்கும் புள்ளைய வித்தவன்னுதான் பேரு."

"வெள்ளையம்மா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. டீச்சர்தான் அனுப்பினாங்கன்னு."

சந்திரா என்னைப் பார்த்தாள். வாய்ப்பாடு தெரியாத பிள்ளையை நான் பார்க்கிற பார்வை அது.

"நானும் கேட்டேன். சொன்னா நாலு பேரு போயி டீச்சர்கிட்ட சத்தம் போடுவாங்க, டீச்சர் பெட்டியக் கட்டிக்கிட்டுப் போயிருவாங்க, அப்பறம் தம்பிக்கு யாரு படிச்சுக் குடுப்பான்னுச்சு. எல்லாப் புள்ளைகளுக்குந்தான் யாரு படிச்சுக் குடுப்பான்னுச்சு. வெறகு கொண்டாந்து வைக்கிற நேரமெல்லாம் ஒங்க கட்டிலுக்கு அடியிலதான் பாத்துக்கிட்டிருந்துச்சு."

அவள் குனிந்து என் கோப்பையை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள்.

"செத்தன்னைக்கி ஒப்பாரி வச்சாங்க டீச்சர். அதுலயும், புள்ளைய வித்த பாவம் தீரட்டும்னு பாடினாங்க. தெரியாமத்தான் பாடினாங்க. நான் அம்மா தலமாட்டுல ஒக்காந்து கேட்டுக்கிட்டிருந்தேன்."

வெள்ளையம்மா செத்தபோது நான் பதுளைக்கு மாறி வந்துவிட்டிருந்தேன். செய்தி மூன்றாம் நாள்தான் வந்தது. போகவில்லை. ஒரு அனுதாபக் கடிதம் எழுதி அனுப்பினேன், நல்ல கையெழுத்தில்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து எனக்கு வந்தது வெட்கம். வேறு நல்ல பெயர் வைக்க முடியாத வெட்கம். முப்பது வருடச் சேவை, முப்பது வருடச் சேவை என்று காலையிலிருந்து காது புளிக்கக் கேட்டிருந்தேன். அந்த முப்பது வருடமும் நான் அங்கே தலை நிமிர்ந்து இருக்க, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் தன் பெயரைக் கொடுத்திருக்கிறாள். பொன்னாடை போர்த்தியிருக்க வேண்டியது அவளுக்கு.

எழுந்து மண்டபத்துக்குப் போனேன். மழை விட்டிருந்தது. மைக்செட்காரர் வயரைச் சுருட்டி லொறியில் ஏற்றிவிட்டார். சனம் பாதி கலைந்திருந்தது. யோகநாதன் ஓடி வந்தான்.

"பேச்சு பிரமாதம் டீச்சர்! அழாத ஆளே இல்ல."

"என்ன பேசினேன், சொல்லு."

"அது வந்து… சேவையப் பத்தி…"

அவனை ஓரமாக இழுத்து, நான் பேசியதை ஒரு தடவை சொன்னேன். கேட்டுவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"இப்ப எதுக்கு டீச்சர் அதெல்லாம்? விழா நல்லபடியா முடிஞ்சிருச்சு. அந்தம்மாவும் போய்ச் சேந்துருச்சு."

"நீ எட்டாம் வாய்ப்பாடு வரைக்கும் வந்ததே அந்தம்மா வாயத் தொறக்காததாலதான்டா!"

இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. அதுவே அன்று எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல்.

வெள்ளையம்மா

சந்திராவைக் கேட்டுத்தான் இதில் பெயர்களைப் போட்டிருக்கிறேன். "போடுங்க. அம்மா பேரப் பெருசாப் போடுங்க" என்றாள். ஆசிரியர் கவனிக்கவும். படங்களுக்கு இடம் போதாவிட்டால் என் படத்தை எடுத்துவிடலாம்.

மேற்கணக்கு ஐந்தாம் லயத்தில் இருந்த வெள்ளையம்மா தன் பிள்ளையை விற்கவில்லை. அனுப்பவும் இல்லை. மூன்று தடவை முடியாது என்றாள். நாலாம் தடவை நான் அவளைத் திட்டி வாயடைத்து, பிள்ளையின் கையைப் பிடித்துத் தெமோதரைக்கு நடத்திக்கொண்டு போய், ரயிலேற்றி, கொழும்பில் விட்டுவிட்டு வந்தேன். திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தவள் வெள்ளையம்மா. பீலியில் பேசினவர்களுக்கும், ஒப்பாரி பாடினவர்களுக்கும் இது தெரியாது. தெரிந்த நான் சொல்லவில்லை.

தோட்டத்தில் இந்தப் பத்திரிகை வாங்குவது இரண்டு வீடோ மூன்று வீடோதான் என்று எனக்குத் தெரியும். எழுதியதோடு முடிந்தது என்று இருந்துவிட்டால், இதுவும் நான் அனுப்பிய அந்த அனுதாபக் கடிதம் போலத்தான்.

ஆகவே யோகா, இதைப் படித்துவிட்டு எனக்கு போன் பண்ணாதே. இது வெளிவந்த அடுத்த திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் நான் தோட்டத்துக்கு வருகிறேன். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு எல்லோரும் கூடையோடு வந்து வரிசையில் நிற்பார்கள் அல்லவா, அங்கே வருகிறேன். தோட்டத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் கூடுகிற இடம் அதுதான். மாலை வேண்டாம். மேளம் வேண்டாம். நாற்காலியும் வேண்டாம். சந்திரா அவளுடைய வரிசையில் நிற்கட்டும். மேலே எழுதியிருப்பதை நானே வாசிக்கிறேன்.

மழை வந்தால், விடும்வரை நிற்பேன். விட்டதும் முதலிலிருந்து வாசிப்பேன்.